23. ரசீதில் யார் கையெழுத்து?

1941 நவம்பர். ஹிட்லரின் படைகள் மாஸ்கோவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தன. வார்சா போய்விட்டது, பாரிஸ் போய்விட்டது, கீவும் போய்விட்டது. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழச் சில நாட்கள் பாக்கி இருந்தன. அந்த நேரத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் யூதப் பிரதிநிதிகளின் மாநாடு ஒன்று கூடியது. அதில் ஒருவர் எழுந்து, போர் முடிந்ததும் ஜெர்மனி யூதர்களுக்கு நஷ்டஈடு தந்தாக வேண்டும் என்று பேசினார். ஊரையே சுருட்டிக்கொண்டு போகிறவனை வழிமறித்து பில்லை நீட்டுவது போன்ற பேச்சு.

பேசியவர் நாஹும் கோல்ட்மன். அப்போது வயது 46. சென்ற அத்தியாயத்தில் ஜெனீவாவிலிருந்து அந்தப் பயங்கரத் தந்தியை அனுப்பிய கெர்ஹார்ட் ரீக்னரைப் பார்த்தோமே, அவர் வேலை பார்த்த உலக யூத காங்கிரஸைக் கட்டி எழுப்பிய இருவரில் ஒருவர் இவர். மற்றவர் நியூயார்க் ரப்பை ஸ்டீஃபன் வைஸ். ரீக்னரின் தந்தி போனது 1942 ஆகஸ்டில். ஆக, ஐரோப்பிய யூதர்களை மொத்தமாகக் கொல்லத் திட்டம் இருக்கிறது என்ற செய்தி வெளியே கசிவதற்கு ஒன்பது மாதம் முன்பே கோல்ட்மன் கணக்கு நோட்டைத் திறந்துவிட்டார். அவர் மனத்தில் இருந்தது பறிபோன வீடும் கடையும் வேலையும். அந்த நோட்டில் இனி எழுதவேண்டி வரும் தொகை என்னவென்று அன்று அவருக்கும் தெரியாது.

கோல்ட்மன் பிறந்தது 1895இல், ரஷ்யப் பேரரசின் விஷ்னியேவோ என்ற சிற்றூரில். இன்று அது பெலாரஸில் இருக்கிறது. குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. அப்பா ஹீப்ரு ஆசிரியர். மகன் சட்டமும் தத்துவமும் படித்தான். வீட்டில் யூதக் கல்வி, வெளியே கெதேயும் கான்ட்டும். முதல் உலகப்போரின்போது ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்தின் யூத விவகாரப் பிரிவில் வேலை. அலுவலகக் கோப்பு எப்படி நகரும், எந்த அதிகாரி எதற்கு மசிவான், எந்தக் கடிதத்தில் எந்தச் சொல் இருந்தால் மறுக்க முடியாது என்பதையெல்லாம் அவர் கற்றுக்கொண்ட இடம் அதுதான் என்பது என் ஊகம். பின்னாளில் அதே ஜெர்மன் அதிகார வர்க்கத்தின் எதிரே உட்கார்ந்தபோது அந்தப் பாடம் கைகொடுத்தது.

1920களில் நண்பர் யாக்கோப் கிளாட்ஸ்கினோடு சேர்ந்து பெர்லினில் ஒரு யூதக் கலைக்களஞ்சியம் தொடங்கினார். ஜெர்மன் மொழியில் பத்துத் தொகுதிகள் வந்தன. எழுத்து ‘எல்’ வரை போயிற்று. அதற்குள் ஹிட்லர் வந்துவிட்டார். மீதி எழுத்துகள் அச்சேறவே இல்லை.

1933இல் கெஸ்டாபோ கையில் கோல்ட்மன் சிக்காமல் தப்பியதற்குக் காரணம் ஒரு சாவு. பாலஸ்தீனத்தில் அப்பா இறந்துபோக, அந்தச் சமயத்தில் அவர் அங்கே இருந்தார். திரும்பிப் போகவில்லை. 1935இல் ஜெர்மனி அவருடைய குடியுரிமையைப் பறித்தது. பிரெஞ்சு வெளியுறவு அமைச்சராக இருந்த லூயி பார்த்துவின் தயவில் கிடைத்தது ஹோண்டுராஸ் குடியுரிமை. மத்திய அமெரிக்காவின் ஒரு சின்ன நாட்டுப் பாஸ்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஐரோப்பிய அமைச்சர்களின் அறைகளுக்குள் போய், உலக யூதர்களின் சார்பில் பேச வந்திருக்கிறேன் என்றார் மனிதர். ‘உங்களை அனுப்பியது யார்?’ என்று யாராவது கேட்டிருந்தால் காட்ட அவரிடம் சீட்டு எதுவும் கிடையாது. இந்தக் கேள்வியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளவும். அவரை விட்டு அது கடைசிவரை போகவில்லை.

படை இல்லை, நாடு இல்லை, ஓட்டு இல்லை. பிறகு எதை வைத்துப் பேசுவது? அந்தக் காலத்து ஜெனீவாவில் இதற்கு ஒரு வித்தை இருந்தது. எதிராளி எப்போதோ கையெழுத்துப் போட்டு மறந்துபோன ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடிப்பது.

இதற்கு மிக நல்ல உதாரணம் ஃபிரான்ஸ் பெர்ன்ஹைம் என்ற கடை ஊழியரின் மனு. மேல் சைலீஷியாவில் ஒரு பல்பொருள் கடையில் வேலை பார்த்தவர்; யூதர் என்பதால் 1933இல் வேலை போயிற்று. ஜெர்மனி முழுவதும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் மேல் சைலீஷியாவுக்கு மட்டும் ஒரு விசேஷம். அந்தப் பகுதியைப் பிரித்துக்கொண்டபோது 1922இல் ஜெர்மனியும் போலந்தும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், அங்கே வாழும் சிறுபான்மையினருக்குச் சம உரிமை என்று ஒரு ஷரத்து இருந்தது. பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பாரிஸிலிருந்து இயங்கிய யூதப் பிரதிநிதிகள் குழு அந்த ஷரத்தைப் பிடித்துக்கொண்டு, பெர்ன்ஹைமின் பெயரில் சர்வதேச சங்கத்துக்கு மனுப் போட்டது. கீழ்மட்ட அதிகாரிகள் செய்த தவறு என்று சொல்லி நாஜி அரசு வழுக்கப் பார்த்தது. கடைசியில் இறங்கிவந்தது. 1937 ஜூலையில் ஒப்பந்தம் காலாவதியாகும்வரை, யூத விரோதச் சட்டங்கள் ஜெர்மனியின் அந்த ஒரு மூலையில் மட்டும் செல்லவில்லை. ஒரே ரைஷ், ஒரே ஃபியூரர்; ஆனால் ஒரு மாவட்டத்தில் வேறு சட்டம்! நாஜிகள் காலத்து வரலாற்றில் இவ்வளவு விசித்திரமான இடைவேளை அதிகம் கிடையாது.

அந்த மனு போனபோது குழுவின் தலைவர் லியோ மோட்ஸ்கின். அதே ஆண்டு இறுதியில் அவர் இறந்ததும் நாற்காலி கோல்ட்மனுக்கு வந்தது. நாற்காலியோடு வித்தையும் வந்தது.

1934 நவம்பர் 13. ரோமில் வெனிஸ் மாளிகை. முசோலினியின் அறை நீளமானது. மேஜை அதன் மறுகோடியில் இருக்கும். வாசலில் நுழைகிறவர் அத்தனை தூரம் தனியாக நடந்துபோக வேண்டும். நடந்து முடிப்பதற்குள் வந்த காரியத்தில் பாதி மறந்துவிட வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் நோக்கம். கோல்ட்மனுக்கு மறக்கவில்லை. கேட்ட காரியங்களில் ஒன்று சார் பிரதேசம் பற்றியது. சர்வதேச சங்கத்தின் பொறுப்பில் இருந்த அந்தச் சின்னப் பகுதியில் 1935 ஜனவரியில் வாக்கெடுப்பு நடக்கவிருந்தது. ஜெர்மனியோடு போய்ச் சேரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே வாழும் யூதர்கள் சொத்தோடு வெளியேற வழி வேண்டும். சார் விவகாரத்தைக் கவனித்த குழுவின் தலைவர் ஓர் இத்தாலியர். கோல்ட்மன் கேட்டபடியே நடந்தது: வெளியேற விரும்புவோர் ஓராண்டுக்குள் உடைமையோடு போகலாம் என்று ஏற்பாடாயிற்று. சர்வாதிகாரியிடம் போய்க் கைகட்டி நிற்பதா என்று அப்போதே முணுமுணுத்தவர்கள் உண்டு. யாரோடும் பேசுவேன் என்பதில் கோல்ட்மனுக்குக் கூச்சமே இருந்ததில்லை.

1936 ஆகஸ்டில் ஜெனீவாவில் 32 நாடுகளிலிருந்து 280 பிரதிநிதிகள் கூடி உலக யூத காங்கிரஸை நிறுவினார்கள். செல்வாக்குள்ள பல யூத அமைப்புகள் இதில் சேரவில்லை. அமெரிக்க, பிரிட்டிஷ் யூதச் சீமான்களுக்கு இந்தப் பெயரே பிடிக்கவில்லை. உலகம் முழுக்க யூதர்கள் ஒரே அமைப்பாகத் திரண்டு சதி செய்கிறார்கள் என்ற பழைய அவதூறுக்கு நாமே பத்திரம் எழுதிக் கொடுப்பதா என்றார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அவதூறைக் கிளப்பியவர்கள் பத்திரத்துக்காகக் காத்திருக்கவில்லை.

போர்க்காலத்தைப் பற்றிச் சென்ற இரண்டு அத்தியாயங்களில் விரிவாகப் பார்த்துவிட்டோம். கோல்ட்மன் 1940இல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். தந்தி வந்தது, அமைச்சகங்கள் தூங்கின, லட்சக்கணக்கானோர் செத்தார்கள். தன் தலைமுறைத் தலைவர்கள் அந்த நேரத்தில் தோற்றுப்போனார்கள், தானும் அதில் சேர்த்தி என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். ஒன்றை மட்டும் இங்கே சேர்க்க வேண்டும். அதே ஆண்டுகளில் நியூயார்க்கில் காங்கிரஸின் ஆய்வு நிறுவனம் ஒன்று அமைதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. லித்துவேனியாவிலிருந்து வந்த ராபின்சன் சகோதரர்கள், யாக்கோபும் நெஹேமியாவும் அதன் தூண்கள். போருக்குப் பின் எதை, எந்தச் சட்டத்தின் கீழ், யாரிடம் கேட்பது என்று நெஹேமியா ராபின்சன் 1944இல் ஒரு நூலே எழுதி முடித்துவிட்டார். வாரிசே இல்லாமல் மாண்டுபோன குடும்பங்களின் சொத்து யாருக்கு? சர்வதேசச் சட்டத்தில் இதற்கு விடை கிடையாது. போரில் தோற்ற நாடு வென்ற நாட்டுக்குப் பணம் கட்டுவது பழைய வழக்கம். போர் நடந்தபோது இஸ்ரேல் என்ற நாடே இல்லை. அப்படியென்றால் ரசீதில் கையெழுத்துப் போடுவது யார்?

1951 மார்ச் 12. ஜெர்மனியை ஆக்கிரமித்திருந்த நான்கு வல்லரசுகளுக்கும் இஸ்ரேல் அரசு ஒரு குறிப்பு அனுப்பியது. அதில் இருந்த கணக்கு எளிமையானது. நாஜிகளிடம் தப்பிப் பிழைத்து வந்த 5 லட்சம் பேரை இஸ்ரேல் குடியேற்றியிருக்கிறது. தலைக்கு 3,000 டாலர் செலவு. ஆக 150 கோடி டாலர். அதில் 100 கோடி மேற்கு ஜெர்மனி, 50 கோடி கிழக்கு ஜெர்மனி. இறந்தவர்களுக்கு அதில் விலை போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கணக்கு முழுக்கப் பிழைத்தவர்களுக்கான சோறும் கூரையும்தான். மேற்கு வல்லரசுகள், நீங்களே ஜெர்மனியிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று கையை விரித்தன. மாஸ்கோ பதிலே போடவில்லை.

இஸ்ரேலின் கஜானா அப்போது காலி. மூன்றே ஆண்டில் மக்கள்தொகை இரட்டிப்பாகியிருந்தது. கூடாரத்திலும் தகரக் கொட்டகையிலும் ஆயிரமாயிரம் பேர். முட்டைக்கும் எண்ணெய்க்கும் ரேஷன். வெளிநாட்டுச் செலாவணி இல்லாததால் கோதுமைக் கப்பலுக்குப் பணம் கட்டுவதே பெரும்பாடு.

செப்டம்பர் 27 அன்று மேற்கு ஜெர்மன் பிரதமர் கொன்ராட் அடெனாவர் நாடாளுமன்றத்தில் எழுந்து, ஜெர்மன் மக்களின் பெயரால் சொல்லொணாக் குற்றங்கள் நடந்திருக்கின்றன, அவற்றுக்கு ஈடு செய்யும் கடமை இருக்கிறது என்று அறிவித்தார். மக்கள் செய்தார்கள் என்று சொல்லவில்லை, ‘பெயரால்’. அந்த ஒரு வேற்றுமை உருபுக்குள் ஒரு தேசமே ஒதுங்கிக்கொண்டது. ஆனாலும் கதவு திறந்துவிட்டது. ஒரே மாதத்தில் கோல்ட்மன் இருபதுக்கும் மேற்பட்ட யூத அமைப்புகளை நியூயார்க்கில் கூட்டி ஒரு பொது அமைப்பை உருவாக்கினார். ‘ஜெர்மனிக்கு எதிரான யூதர்களின் பொருள்சார் கோரிக்கைகளுக்கான மாநாடு’ என்று ரயில்பெட்டி நீளத்துக்குப் பெயர். ‘பொருள்சார்’ என்ற சொல்லை வேண்டுமென்றே நுழைத்தார்கள். வீடு, கடை, வேலை, உடல்நலம் இவற்றுக்கு மட்டுமே இங்கே கணக்கு. மற்றதற்கு இந்த மேஜையில் பேச்சே கிடையாது என்று பெயர்ப்பலகையிலேயே எழுதிவிட்டார்கள்.

சொற்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. ஜெர்மானியர் இந்தப் பணத்துக்கு வைத்த பெயர் ‘வீடர்குட்மாகுங்’. மறுபடி நல்லதாக்குதல் என்று அர்த்தம். யூதர்களுக்கு அதைக் கேட்டாலே எரிந்தது. எதை மறுபடி நல்லதாக்கப் போகிறாய்? இஸ்ரேல் தேடிப்பிடித்த சொல் ‘ஷிலுமிம்’. வேதத்தில் வரும் பழைய ஹீப்ருச் சொல்; கட்டவேண்டியதைக் கட்டுதல், அவ்வளவே. மன்னிப்பு அதில் இல்லை, சமாதானமும் இல்லை. தமிழில் எழுதும்போது நமக்கும் இதே சிக்கல் வருகிறது. பரிகாரம் என்றால் பாவம் கழிந்துவிடும். நஷ்டஈடு என்று போட்டால், ஈடு என்பதற்குள்ளேயே சமம் உட்கார்ந்திருக்கிறது. இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் நானே அந்தச் சொல்லைத்தான் போட்டேன். இனி ஷிலுமிம் என்றே எழுதிவிடுகிறேன்.

1951 டிசம்பர் 6. லண்டன், கிளாரிட்ஜஸ் ஹோட்டல். ஜெர்மன் பிரதமர் அரசுமுறைப் பயணமாக வந்து அங்கே தங்கியிருந்தார். கோல்ட்மன் அவரைப் பார்க்கப் போன விஷயம் வெளியே தெரியாது. இஸ்ரேல் நாடாளுமன்றமான க்னெஸெட் இன்னும் ஜெர்மனியோடு பேச அனுமதி தரவில்லை. இஸ்ரேல் பிரதமர் பென் குரியனுக்குச் சம்மதம். ஆனால் காரியம் கெட்டுப்போனால், அது கோல்ட்மன் தன்னிச்சையாகச் செய்தது என்று சொல்லிக் கைகழுவிவிடலாம். அரசாங்கத்தின் ஆள் அல்லாத ஒருவரை அனுப்புவதில் உள்ள வசதி அது. அவருக்கும் அது தெரியும்.

ஒரு பக்கம் 75 வயது அடெனாவர். கொலோன் நகர மேயராக இருந்து நாஜிகளால் விரட்டப்பட்டவர். கத்தோலிக்கர், அதிகம் பேசாதவர். எதிரே ஜெர்மன் மொழியை ஜெர்மானியரைவிட நன்றாகப் பேசும், ஜெர்மனியால் துரத்தப்பட்ட யூதர். கோல்ட்மன் கிட்டத்தட்ட அரைமணி நேரம் பேசியதாக அவருடைய நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. இது பேரம் பேசும் விஷயமாக ஆகக்கூடாது. சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை பேசுவது போல நீங்கள் குறைக்க, நாங்கள் ஏற்ற என்று போனால் இரண்டு பேருக்கும் அவமானம். 100 கோடி டாலர் என்ற இஸ்ரேலின் தொகையை அடிப்படையாக ஏற்றால்தான் உட்காருவோம். வாதத்தின் சாரம் அதுதான், கத்தரிக்காய் என்னுடையது.

சட்டப்படி பார்த்தால் அடெனாவருக்கு அப்படி வாக்குக் கொடுக்க அதிகாரம் கிடையாது. அமைச்சரவை கூடவில்லை, நிதியமைச்சருக்குத் தெரியாது. அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார். கடிதத்தைக் கோல்ட்மனையே சொல்லச் சொன்னார். அவர் சொல்லச்சொல்ல எழுதப்பட்ட கடிதம் அன்று மாலைக்குள் அடெனாவரின் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அதாவது கடன்பட்டவனின் ஒப்புதல் பத்திரத்தைக் கடன் கொடுத்தவனே எழுதி, கடன்பட்டவன் அப்படியே கையெழுத்திட்டுக் கொடுத்தது. இராஜதந்திர வரலாற்றைக் கொஞ்சம் புரட்டியிருக்கிறேன். இப்படி ஒரு கடிதம் என் கண்ணில் பட்டதில்லை.

இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு பென் குரியன் க்னெஸெட்டுக்குப் போனார். 1952 ஜனவரி 7. அன்று நடந்ததை எத்தனை முறை படித்தாலும் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரிவதில்லை.

க்னெஸெட் அப்போது ஜெருசலேமில் கிங் ஜார்ஜ் தெருவில் ஒரு சாதாரணக் கட்டடத்தில் நடந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் சியோன் சதுக்கத்தில் எதிர்க்கட்சி ஒன்றின் தலைவர் மெனாகெம் பெகின் கூட்டம் போட்டுப் பேசினார். அப்பா, அம்மா, அண்ணன் மூவரையும் நாஜிகளிடம் பறிகொடுத்தவர். கொன்றவன் கையிலிருந்து காசு வாங்குவதா என்ற அவருடைய கேள்விக்கு எந்த நிதியமைச்சரிடமும் பதில் இருக்க முடியாது. கூட்டம் க்னெஸெட்டை நோக்கி நகர்ந்தது. கல் பறந்தது, சன்னல் கண்ணாடிகள் உடைந்து உறுப்பினர்களின் மேல் விழுந்தன, போலீஸ் வீசிய கண்ணீர்ப் புகை உள்ளே வந்தது. பெகின் மட்டுமல்ல, இடதுசாரிகளிலும் ஒரு பெரும் பகுதி எதிர்த்தது. பென் குரியன் பக்கத்து வாதம் நாபோத்தின் திராட்சத்தோட்டத்திலிருந்து எடுத்தது. தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்குத் தெரியும்: ஆகாப் ராஜா நாபோத்தைக் கொல்லவைத்துவிட்டுத் தோட்டத்தையும் எடுத்துக்கொள்ளப் போவான், எலியா வழியில் மறிப்பார். கொன்றவனே வாரிசாகவும் ஆகிவிடக் கூடாது. ஜனவரி 9 அன்று வாக்கெடுப்பு: 61க்கு 50. பெகினுக்கு மூன்று மாதம் அவைக்குள் நுழையத் தடை.

மார்ச் 21 அன்று நெதர்லாந்தில் வாஸனார் என்ற ஊரின் பழைய மாளிகை ஒன்றில் பேச்சுவார்த்தை தொடங்கியது. கைகுலுக்கல் இல்லை. பேச்சு ஆங்கிலத்தில். இரண்டு பக்கமும் பலருக்கு ஜெர்மன்தான் தாய்மொழி, ஆனாலும் ஆங்கிலம். ஜெர்மன் தரப்பில் பேராசிரியர் ஃபிரான்ஸ் பேம், வழக்கறிஞர் ஓட்டோ கியூஸ்டர். இஸ்ரேல் தரப்பில் கியோரா யோசெப்தால், ஃபெலிக்ஸ் ஷின்னார். யூத அமைப்புகளின் குழு தனியாக. கியூஸ்டரும் ஷின்னாரும் ஸ்டட்கார்ட்டில் ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்பது பிறகு தெரியவந்தது.

அந்த வாரத்திலேயே அடெனாவரின் பெயருக்கு ஒரு பார்சல் குண்டு வந்து, அதைப் பிரித்த மியூனிக் போலீஸ்காரர் ஒருவர் உயிரிழந்தார். பேச்சுவார்த்தையோ வேறொரு குண்டில் மாட்டிக்கொண்டது: லண்டனில் ஜெர்மனியின் பழைய வெளிநாட்டுக் கடன்கள் பற்றி நடந்த மாநாடு. அங்கே ஜெர்மனிக்காகப் பேசியவர் வங்கியாளர் ஹெர்மன் யோசெப் அப்ஸ். எங்களால் இவ்வளவுதான் கட்ட முடியும் என்று மற்றக் கடன்காரர்களிடம் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது, இங்கே கோடிக்கணக்கில் வாக்குக் கொடுத்தால் என் முகம் என்னாவது என்பது அவர் கவலை. அவர் தரப்பிலிருந்து வந்த தொகை, வாங்கிக்கொண்டு போ என்கிற மாதிரி இருந்தது. கியூஸ்டர் ராஜினாமா செய்துவிட்டார். பேமும் கடிதம் நீட்டினார். எதிர்த்தரப்புக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்பதற்காகத் தன் பதவியைத் தூக்கி எறிந்த பேச்சுவார்த்தையாளர்களை எத்தனை பேருக்குத் தெரியும்? கோல்ட்மனுக்கு ஊர்கூடி மாலை போட்டார்கள் என்றால் கியூஸ்டருக்கு ஒரு மலராவது போட்டிருக்க வேண்டும்.

கோல்ட்மன் கிளாரிட்ஜஸ் கடிதத்தை நினைவுபடுத்தி அடெனாவருக்குக் காட்டமாக எழுதினார். மே 23 அன்று பேம் பாரிஸுக்குப் பறந்து வந்து, கோல்ட்மனிடம் புதுத் தொகையைச் சொன்னார். 300 கோடி மார்க். ஜூன் 10 அன்று பானில் கோல்ட்மனும் அடெனாவரும் உட்கார்ந்து மீதியை முடித்தார்கள். இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க், அன்றைய மதிப்பில் சுமார் 71 கோடி டாலர். ரொக்கமாக அல்ல, பன்னிரண்டு முதல் பதினான்கு ஆண்டுகளில் எஃகு, எந்திரம், கப்பல் என்று சரக்காக. யூத அமைப்புகளின் மாநாட்டுக்கு 45 கோடி மார்க். யூத மதத்தைச் சேராத, ஆனால் யூத ரத்தம் என்று நாஜிகள் துன்புறுத்தியவர்களுக்கு இன்னொரு 5 கோடி.

1952 செப்டம்பர் 10 காலை, லக்ஸம்பர்க் நகர மன்றத்தில் கையெழுத்து. எதிர்ப்பாளர்களுக்குப் பயந்து காலை எட்டு மணிக்கே வைத்துக்கொண்டார்கள். உரைகள் கிடையாது, யார் என்ன சொன்னாலும் மற்றவருக்குக் குத்தும். மூன்று பேர் கையெழுத்திட்டார்கள்: ஜெர்மனிக்கு அடெனாவர், இஸ்ரேலுக்கு வெளியுறவு அமைச்சர் மோஷே ஷரெட், மூன்றாவதாகக் கோல்ட்மன். முதல் இரண்டு பேருக்குப் பின்னால் நாடாளுமன்றம், கொடி, எல்லைக்கோடு எல்லாம் இருந்தன. மூன்றாமவருக்குப் பின்னால் சங்கங்களின் பட்டியல் ஒன்று. இறையாண்மையுள்ள ஒரு நாடு, நாடில்லாத ஓர் அமைப்போடு சமமாக உட்கார்ந்து இப்படி ஓர் ஒப்பந்தம் போட்டது அதுவரை கேள்விப்படாதது.

ஜெர்மன் நாடாளுமன்றம் 1953 மார்ச் 18 அன்று ஒப்புதல் தந்தது. ஆதரவு 239, எதிர்ப்பு 35, ஒதுங்கி நின்றவர்கள் 86. அடெனாவரின் சொந்தக் கூட்டணியில் நிறையப் பேர் கைதூக்கவில்லை. எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகவாதிகள்தான் காப்பாற்றினார்கள்.

பணம் வந்தது. மனிதர்களுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது அவ்வளவு அழகான கதை இல்லை. லக்ஸம்பர்க் ஒப்பந்தத்தின் முதல் நெறிமுறைப்படி தனிநபர்களுக்கான சட்டத்தை ஜெர்மனி இயற்றியது. அதன்படி உடல்நலம் கெட்டதற்கு ஓய்வூதியம் வாங்க வேண்டுமானால், நாஜிக் கொடுமையால் உங்கள் உழைக்கும் திறன் குறைந்தது 25 சதவீதம் குறைந்திருக்கிறது என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். முகாமிலிருந்து பிழைத்து வந்த பெண் ஒருத்தி, தூக்கம் வரவில்லை, கதவு தட்டினால் நடுங்குகிறது என்று சொன்னால் அது 25ஆ, 20ஆ? மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படிவம் நிரப்பும் மருத்துவர் தீர்மானிப்பார். ரோமா மக்களுக்கு முதலில் கதவே திறக்கவில்லை. ஆலைகளில் கட்டாய உழைப்புக்கு ஆளானவர்களுக்கான நிதி வர 2000ஆம் ஆண்டு ஆயிற்று. ஜெர்மனி இதுவரை பல்வேறு வழிகளில் கொடுத்திருப்பது 8,000 கோடி டாலருக்கு மேல் என்கிறார்கள். அந்தப் பெண்ணின் படிவத்தில் அது தெரியாது. கோல்ட்மனின் அமைப்புக்கு வந்த பணம் பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகம் என்று நிறுவனங்களுக்குப் போனபோது, பிழைத்தவர்களில் பலர் கேட்டார்கள்: எங்கள் பெயரில் வாங்கிய பணத்தைப் பிரித்துக்கொடுக்க நீங்கள் யார்? அமைச்சர்கள் கேட்காத கேள்வியை முகாமிலிருந்து வந்தவர்கள் கேட்டார்கள்.

அதன்பின் கோல்ட்மனுக்குப் பதவிகள் குவிந்தன. அமெரிக்க வெளியுறவு அமைச்சகத்தின் ஓர் உயர் அதிகாரி, தினம் ஒரு யூத அமைப்பு வந்து ஒரே விஷயத்தைப் பேசுகிறதே என்று அலுத்துக்கொள்ள, அதிலிருந்து முளைத்தது அமெரிக்க யூத அமைப்புத் தலைவர்களின் கூட்டமைப்பு. முதல் தலைவர் கோல்ட்மன். 1956 முதல் 1968 வரை உலக சியோனிய அமைப்பின் தலைவர். உலக யூத காங்கிரஸையும் 1977 வரை விடவில்லை. ஆனால் சியோனிய அமைப்பின் தலைவர் இஸ்ரேலில் நிரந்தரமாகக் குடியேறவில்லை! பாரிஸில் ஒரு வீடு, ஜெருசலேமில் ஒரு வீடு. குடியுரிமை வரிசையில் ஹோண்டுராஸுக்குப் பின் அமெரிக்கா, இஸ்ரேல், சுவிட்சர்லாந்து. சியோனியவாதி என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வா என்பது பென் குரியனின் கட்சி. யூதர்கள் உலகெங்கும் வாழ்வது நோயல்ல, இரண்டாயிரம் ஆண்டு வாழ்க்கைமுறை என்பது கோல்ட்மனின் கட்சி. டெல் அவிவ் பல்கலைக்கழக வளாகத்தில் 1978இல் திறந்த புலம்பெயர்ந்த யூதர்களின் அருங்காட்சியகம் அவர் முயற்சியால் எழுந்ததே.

நாடு இல்லாதபோது அவருக்கு உதவிய அதே சுதந்திரம், நாடு வந்தபின் தொந்தரவாயிற்று. 1970 வசந்தத்தில் கெய்ரோவுக்கு வந்து எகிப்து அதிபர் நாஸரைச் சந்திக்க அவருக்கு அழைப்பு வந்தது. முசோலினியோடு பேசியவர், அடெனாவரோடு பேசியவர், நாஸரோடு பேச மாட்டாரா? இந்த முறை அவர் போகும்முன் இஸ்ரேல் அரசிடம் சொன்னார். பிரதமர் கோல்டா மையரின் அமைச்சரவை கூடாது என்றது. யார் பேசவேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேண்டியது நாங்கள், எகிப்து அல்ல என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புப் படித்துக்கொண்டிருந்த, சில மாதங்களில் ராணுவத்துக்குப் போகவேண்டிய மாணவர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்கள்: சமாதானத்துக்கான வாய்ப்பை அரசு தட்டிவிட்டதென்றால் நாங்கள் எதற்காகப் போரிடப் போகிறோம்? அந்தக் கடிதம் இஸ்ரேலை உலுக்கியது. கோல்ட்மன் கெய்ரோவுக்குப் போகவில்லை.

1982 ஜூலையில், இஸ்ரேலியப் படைகள் பெய்ரூட்டை முற்றுகையிட்டிருந்தபோது, கோல்ட்மன் பிரான்ஸின் முன்னாள் பிரதமர் பியர் மென்டெஸ் ஃபிரான்ஸ், தனக்குப் பின் காங்கிரஸ் தலைவராக இருந்த ஃபிலிப் கிளட்ஸ்னிக் ஆகியோரோடு சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார். இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் ஒன்றையொன்று அங்கீகரிக்க வேண்டும் என்றது அது. அப்போது அவருக்கு 86 வயது. இந்த முறையும் அவருக்கு யாரும் அதிகாரம் தரவில்லை.

அடுத்த மாதம், ஆகஸ்ட் 29 அன்று, மேற்கு ஜெர்மனியின் பவேரியாவில் பாட் ரைகன்ஹால் என்ற ஆரோக்கியத்தலத்தில் இறந்தார். உடலை ஜெருசலேமுக்குக் கொண்டுவந்து, ஹெர்ஸல் குன்றில் சியோனியத் தலைவர்களுக்கான பகுதியில் அடக்கம் செய்தார்கள். அப்போது இஸ்ரேலின் பிரதமர் மெனாகெம் பெகின்.

சரக்காக வந்த அந்த 300 கோடி மார்க் எங்கே இறங்கியது, கொலோன் நகரில் இஸ்ரேல் திறந்த கொள்முதல் அலுவலகம் எப்படி நடந்தது, ஹைஃபா துறைமுகத் தொழிலாளர்கள் ஜெர்மன் முத்திரை பதித்த பெட்டிகளை எந்த முகத்தோடு இறக்கினார்கள் என்பது அடுத்த அத்தியாயம்.

(தொடரும்)